காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டாம்

ஜூலை 18, வியாழன்

ஆடி 2. காலையில் மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர் போயிருக்கும் என்று நினைத்தேன், அதேதான். மாற்றிவிட்டேன்.

மைதிலி நேற்று காலை வந்தாள். ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறோம் என்று தெருவில் சொல்லியாயிற்று. தை மாதம் கல்யாணமான பெண் ஆடி பிறந்த அன்று தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இதில் யாரும் துருவிக் கேட்க ஒன்றுமில்லை. நாங்கள் போய் அழைக்காமல் அவளாகவே டவுன் பஸ் ஏறி வந்தாள் என்பதும், கையில் ஒரு பை கூட இல்லை என்பதும் தெருவுக்குத் தெரிய வேண்டிய சங்கதி அல்ல.

கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிப் போட்டிருந்தாள். சளி என்றாள். சரி என்றேன்.

ஜூலை 20, சனி

வீட்டுக்கு அலாரம் வைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். காரணம், திருட்டு பயம். பைபாஸ் பக்கம் இரண்டு வீடுகளில் பூட்டை உடைத்திருக்கிறார்கள்.

முப்பத்தோரு வருடம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். எதையும் கட்டம் போட்டுப் பார்க்காமல் கையெழுத்து வைக்க மாட்டேன். விசாரித்ததில் ஒன்று புரிந்தது. அலாரம் பெரிய விஷயமில்லை. கத்துகிற பெட்டியை யாரும் விற்பார்கள். அது கத்தும்போது யார் கேட்கிறார்கள் என்பதுதான் விஷயம். அதற்கென்றே கண்காணிப்பு கம்பெனிகள் இருக்கின்றன. நம் வீட்டில் அலாரம் அடித்தால் எங்கோ ஓர் அறையில் ராப்பகலாக உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்குத் தெரியுமாம். அவர்கள் நம்மைக் கூப்பிடுவார்கள், பிறகு கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிடுவார்கள். மூன்று கம்பெனி விலாசம் எடுத்திருக்கிறேன்.

துளசிமணி, "எதுக்குங்க இதெல்லாம், வீட்டுல என்ன இருக்குது எடுத்துட்டுப் போக?" என்றாள். கேட்டுவிட்டு அவளே மைதிலியின் அறைப் பக்கம் பார்த்தாள். 

ஜூலை 23, செவ்வாய்

முதல் கம்பெனியின் ஆள் வந்தான். இந்த வெயிலிலும் கழுத்தில் டை. ஜன்னலுக்கு ஒரு சென்சார், கதவுக்கு ஒன்று, கையில் வைத்துக்கொள்ள ஓர் அவசரப் பொத்தான் என்று மேஜையில் பரப்பினான். அலாரம் அடித்த ஒரு நிமிடத்துக்குள் நம் பகுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் போய்விடும் என்று மூன்று தடவை சொன்னான்.

காவல் நிலையத்துக்குப் போகாமல் செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"சார், அதுதானுங்க எங்க ஸ்பெஷலே" என்றான்.

வேண்டாம் என்றேன். தோட்டத்தில் எதையோ புதைத்து வைத்திருக்கிறேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

நம் பகுதி ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் யார் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளைதான் சப்-இன்ஸ்பெக்டர். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே பதவியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னவன் நான்.

ஜூலை 25, வியாழன்

இரண்டாவது கம்பெனியிடம் போனில் பேசினேன். அவர்களும் அதே பாட்டுத்தான். காவல் துறையோடு நேரடி இணைப்பு. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

துளசிமணி இன்று மைதிலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய், ஊறாத உளுந்தைக் கிரைண்டரில் போட்டு ஓடவிட்டாள். என்ன என்று கேட்கப் போனேன். காதுக்குப் பின்னால் நான்கு தையல் இருக்கிறது என்றாள். கழுத்தில் விரல் தடம் இன்னும் மறையவில்லை என்றாள். கிரைண்டர் சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது என்று நினைத்திருக்கிறாள் போல.

மத்தியானம் மாப்பிள்ளையே கூப்பிட்டார். மரியாதையில் குறை சொல்ல முடியாது. உடம்பு எப்படி இருக்கிறது, சுகர் மாத்திரை போடுகிறேனா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆடி முடியற வரைக்கும் அங்கயே இருக்கட்டுங்க மாமா. ஆவணி பொறந்ததும் நானே வந்து கூட்டிக்கிறேன். நடுவுல எங்கியாச்சும் எழுதிக் குடுக்கலாம்னு யாராச்சும் யோசனை சொன்னாக் கேட்டுக்காதீங்க. எந்தப் பேப்பரும் சுத்திச் சுத்தி என் டேபிளுக்குத்தான் வரும்."

சரிங்க மாப்பிள்ளை என்றேன். வைத்த பிறகு ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டேன். சுகர் இறங்கியிருக்கும்.

ஜூலை 29, திங்கள்

மூன்றாவது கம்பெனி கோவையில் இருக்கிறது, சின்ன கம்பெனி. ஒரு பெண் வந்திருந்தாள், முப்பத்தைந்து வயதிருக்கும். இவர்கள் முறை வேறு. அலாரம் அடித்தால் முதலில் எனக்கு இரண்டு தடவை கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் நான் எழுதிக் கொடுத்த அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேரை வரிசையாகக் கூப்பிடுவார்கள். அவர்களில் ஒருவர் வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்றால் அதோடு முடித்துவிடுவார்கள். ஆபத்து என்றால் அடுத்த நடவடிக்கை. இருவரில் ஒருவரிடம் வீட்டு மாற்றுச் சாவி இருக்க வேண்டும். காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கவும், தெரிவிக்க வேண்டாம் என்று படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது. வேண்டாம் என்பதில் டிக் போட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி. அதை அவளே வாசித்தாள்.

"வீட்டுல இருக்கறவங்களுக்கு யாராலயாச்சும் பயம் இருக்குதுங்களா சார்? இருந்தா அவங்க பேரைக் குறிச்சுக் குடுங்க. வந்திருக்கிறது அந்த ஆள்தான்னு தெரிஞ்சா, யார் வந்து ஒண்ணுமில்லைன்னு சொன்னாலும் நாங்க அலாரத்தை முடிக்க மாட்டோம். எங்க ஆள் நேர்ல வந்துருவாங்க."

அப்படி யாருமில்லை என்றேன். பத்தியில் ஒரு கோடு இழுத்தேன். தாலுகா ஆபீசில் காலியாக விடும் இடத்தில் கோடு போட்டுத்தான் பழக்கம். பின்னால் யாரும் எதையும் நுழைக்க முடியாது.

உள்ளே கதவோரம் மைதிலி நின்றிருந்தாள். அந்தப் பெண் அவளையும் பார்த்தாள், கோட்டையும் பார்த்தாள். எப்போது வேண்டுமானாலும் போன் செய்து சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தக் கம்பெனிதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பெயர் கொடுத்தாயிற்று. ஒன்று, எதிர் வீட்டுப் பழனாத்தாள். புருஷன் போன பிறகு ஒண்டிக்கட்டையாக இருந்து தையல் மிஷின் மிதிக்கிறாள். எப்போதும் வாசலைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பாள். இரண்டு, பக்கத்து வீட்டு நாச்சிமுத்து. ரிட்டயர்டு கண்டக்டர். சாவியைப் பழனாத்தாளிடம் கொடுத்தேன். திருட்டு பயம் என்று இருவரிடமும் சொன்னேன். நாச்சிமுத்து, "மாப்பிள்ளை எஸ்.ஐ.யா இருக்கறப்ப உங்களுக்கென்னங்க பயம்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் மைதிலி கேட்டாள்: "பழனாத்தா அத்தைகிட்ட நான் விசயத்தைச் சொல்லட்டுங்களாப்பா?"

ஆடி முடியட்டும் கண்ணு என்றேன். இப்போது சொன்னால் நாளைக்கே தெரு பூராவும் வாழாவெட்டி என்று பேசும், நாளை மறுநாள் ஊரே பேசும். ஆடி வரைக்கும் நமக்கு ஒரு மறைப்பு இருக்கிறது, அதற்குள் ஏதாவது வழி செய்யலாம் என்றேன். அவள் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. தெருப் பெண்கள் எல்லாம் வாய்க்காலுக்குப் போய் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். துளசிமணி மட்டும் மைதிலியை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றிவிட்டாள். வாய்க்காலில் மாற்றினால் கழுத்து வெளியே தெரியும். உள்ளே மைதிலி, "கழட்டறதோட விட்டுறலாம்மா" என்றது எனக்குக் கேட்டது. துளசிமணி என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது புதுக் கயிறு இருந்தது.

பதினொரு மணிக்குக் கம்பெனி ஆட்கள் அலாரத்தைப் பொருத்தி முடித்தார்கள். சோதனைக்கு மைதிலியைப் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அடேயப்பா, காது கிழிந்துவிடும் போல ஒரு சத்தம். பழனாத்தாள் தோளில் இஞ்ச் டேப்போடு ஓடிவந்தாள். ஒன்றரை நிமிடம். கடிகாரத்தில் பார்த்தேன். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் ஒரு கை அவள் முந்தானையில் குத்திக்கொண்டு கூடவே வந்திருந்தது. அதைப் பார்த்து மைதிலி சிரித்தாள். வந்த நாளிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறாள்.

எனக்கே கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. நல்ல கம்பெனியைத்தான் பிடித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முருங்கைக் கிளை ஒயர் மேல் சாய்ந்திருந்தது. வெட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

இன்று மைதிலியோடு வாக்குவாதம். மாப்பிள்ளையின் மேலதிகாரி யாரிடமாவது பேசிப் பார்க்கலாமா, சொந்தத்தில் பெரியவர்களை வைத்துப் புத்தி சொல்லலாமா என்று கேட்டேன். மார்ச்சில் அதைத்தானே செய்தீர்கள் என்றாள். பேசிவிட்டு வந்த அன்று வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது என்பதையும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

பிறகு, "மே மாசம் நீங்கதானப்பா கூட்டிட்டுப் போய் விட்டீங்க" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

இதே நாட்குறிப்பில் மே மாதத்தைப் புரட்டிப் பார்த்தேன். பதினான்காம் தேதி: மைதிலி வந்து போனாள். மாம்பழம் கொடுத்தனுப்பினோம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. நாச்சிமுத்து காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "புள்ளைய எப்பங்க அனுப்பறீங்க?" என்றார். மாப்பிள்ளையே வந்து கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார், நல்ல நாள் பார்க்கிறோம் என்றேன். பழனாத்தாள் வாசலில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஒரு வழி பிறந்திருக்கிறது. மைதிலியோடு காலேஜில் படித்த பெண் ஓசூரில் வேலையில் இருக்கிறாள். அவள் கம்பெனியிலேயே மைதிலிக்கும் இடம் இருக்கிறதாம், தங்க ஹாஸ்டலும் இருக்கிறதாம். வருகிற திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். மைதிலி எல்லாவற்றையும் தானாகவே பேசி முடித்துவிட்டு எங்களிடம் சொன்னாள். மாப்பிள்ளைக்கு ஓசூர் என்ற பெயரே காதில் விழக் கூடாது. விலாசம் எங்களுக்குக்கூட வேண்டாம் என்றாள்.

துளசிமணி அழுதாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்னும் ஒரு வாரம் இந்தக் கதவு தாங்கினால் போதும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

எழுத உட்கார்ந்து வெகுநேரமாகிறது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இன்று கவுந்தப்பாடியில் துளசிமணியின் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். ஆவணியின் முதல் முகூர்த்தம். நாங்கள் போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்ற பேச்சு வரும், அதிலிருந்து மைதிலி பேச்சு வரும். தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று போனோம். மைதிலியை உள்ளே வைத்து வெளியே பூட்டினோம். பொத்தான் அவள் கையில் இருந்தது. அவள்தான், போய்விட்டு வாங்க என்றாள்.

மண்டபத்தில் கெட்டிமேளம். என் போன் சட்டைப் பையில் இருந்தது. 9.52க்கு ஓர் அழைப்பு, 9.54க்கு ஓர் அழைப்பு. இரண்டுமே எனக்குக் கேட்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து இலை போட்ட பிறகு எடுத்துப் பார்த்தேன். கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி. எச்சரிக்கை சரிபார்க்கப்பட்டது, ஆபத்து இல்லை, நன்றி.

நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது கதவு ஒழுங்காகப் பூட்டியிருந்தது. உள்ளே யாருமில்லை. ஹாலில் ஒரு தட்டு. ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூ.

பழனாத்தாள் நடந்ததைச் சொன்னாள். மாப்பிள்ளை பட்டு வேட்டியில் காரில் வந்து இறங்கினாராம். அதற்குள் அலாரம் அடித்துவிட்டது. இவள் சாவியோடு ஓடியிருக்கிறாள். கம்பெனியிலிருந்து போன் வந்திருக்கிறது. வந்திருப்பது வீட்டு மாப்பிள்ளை, பெண்ணை அழைத்துப் போக வந்திருக்கிறார், ஒன்றுமில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். சாவியைக் கேட்டிருக்கிறார். கொடுத்திருக்கிறாள்.

மைதிலி கத்தவில்லையாம். அப்பாவுக்குப் போன் போடுங்கத்தை என்று மட்டும் சொன்னாளாம். இவள் போட்டிருக்கிறாள். அந்த அழைப்பும் என் போனில் இருக்கிறது, 10.01.

கம்பெனியைக் கூப்பிட்டேன். ஏதோ ஒரு பெண் குரல், பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துப் படித்தது. வீட்டு உரிமையாளர் எடுக்கவில்லை. அக்கம்பக்கத்து முதல் நபர் நேரில் பார்த்து உறுதி செய்தார். வந்தவர் பெயர் தடை செய்யப்பட்டவர் பத்தியில் இல்லை. அந்தப் பத்தியில் கோடு போட்டிருக்கிறதுங்க சார் என்றது.

அவர்கள் மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது. நான் கேட்டபடியே நடந்திருக்கிறது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

போலீஸ் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. மைதிலியின் போன் அணைந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு பெண்மணி என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்குப் போகவில்லை. போய் யாரிடம் சொல்வது?

ஆகஸ்ட் 24, சனி

காலையில் அவரே கூப்பிட்டார். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன் என்றார்.

தாடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. பல்லையும் பல்லையும் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் வாய் திறக்க முடியாது. இடது கண் முழுதாக மூடிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் இளநீரோடு நின்றிருந்தார்.

இளவயது டாக்டர் ஒருவர். கேஸ் சீட்டை வைத்துக்கொண்டு, எப்படி நடந்தது என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மாப்பிள்ளையைக் கேட்கவில்லை. மைதிலி திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள்.

நான் வாய் திறப்பதற்குள் துளசிமணி, "வழுக்கி விழுந்துட்டாளுங்க" என்றாள்.

இந்த இடத்தில் அவள் மேல் பழி போட்டு எழுதிவிடலாம். அது நியாயமில்லை. டாக்டர் பேனாவைப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போதுமான நேரம் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

துளசிமணி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறாள். துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நேராகப் பழனாத்தாள் வீட்டுக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். இத்தனை வருடப் பழக்கத்தில் அவளிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. சாவி கொடுத்தது எதற்கு, கண்டவனிடம் நீட்டுவதற்கா என்று கேட்டேன். அந்தப் பாவி என் பெண்ணின் தாடையை உடைத்துவிட்டான் என்றேன். வாய்விட்டு ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் மிஷினை நிறுத்தினாள். எழுந்திருக்கவில்லை.

"எனக்குத் தெரியுமுங்கண்ணா. ஆடி ஒண்ணாந்தேதி பஸ்ஸை விட்டு எறங்கி வந்தாளே, அன்னிக்கே அவ கழுத்தைப் பாத்தேன். அக்கா கிரைண்டரைப் போட்டுட்டு அழுததும் கேட்டுது. தெருவுல முக்காவாசிப் பேருக்குத் தெரியும்."

தெரிந்துமா சாவியைக் கொடுத்தாய் என்றேன்.

"ஆடிக்கு வந்திருக்கான்னு நீங்க சொன்னீங்க. மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போவாருன்னும் நீங்கதான் சொன்னீங்க. குடும்ப மானம், அண்ணன் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டாராட்ட இருக்குதுன்னு நெனச்சேன். நீங்க சொன்னதத்தானுங்கண்ணா நான் அந்தக் கம்பெனிப் புள்ளைகிட்டச் சொன்னேன்."

அவளும் அழுதாள், நானும் அழுதேன். பிறகு துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏறும்போது இந்த நாட்குறிப்பும் பையில் இருந்தது.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஓசூருக்குக் கிளம்பியிருக்க வேண்டிய நாள்.

காலை எட்டு மணி. அவன் டியூட்டிக்குப் போயிருக்கிறான், பன்னிரண்டுக்கு வருவான். துளசிமணி கஞ்சி வாங்கப் போனாள். மைதிலி கையால் எழுதுகிற மாதிரி காட்டினாள். கையில் வேறு காகிதம் இல்லை, இதைத்தான் பேனாவோடு கொடுத்தேன். அவள் உடனே எழுதவில்லை. ஒற்றைக் கண்ணால் பின்னால் இருந்து ஒவ்வொரு பக்கமாகப் படிக்க ஆரம்பித்தாள். பிடுங்கிவிடலாமா என்று தோன்றியது. சும்மா இருந்தேன். கோடு போட்ட அன்றைய பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு மே மாதத்துக்குப் போனாள். பிறகு எழுதினாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து.

எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குதுப்பா. டாக்டர்கிட்டச் சொல்லுங்க. நர்ஸ்கிட்டச் சொல்லுங்க. அம்மா முன்னாடி சொல்லுங்க. இதுல எழுதாதீங்க.

டாக்டர் வார்டுக்குள் வந்துவிட்டார். முதல் கட்டிலில் நிற்கிறார். மைதிலியுடையது நான்காவது. அவர் வரும் வரை காத்திருக்கப் போவதில்லை.